படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டையும் வண்டியையும் வீட்டிலிருக்கும் பொருள்களையும் திரைப்பட, தொடர் படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குக் கொடுப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்ட விதிகள் இடத்துக்கு இடம் மாறுபவை. ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தை உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது நடுவில் முற்றமும் அகலமான மாடிப்படியும் கொண்ட பழைய வீடு. தயாரிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டு போய், பிடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 'ஆறு நாள் ஷூட்டிங், வீடு அப்படியே இருக்கும், கவலையே வேண்டாம்' என்கிறார்கள். என் வயதான தாயாரும் எங்களோடு இருக்கிறார். நாங்கள் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: முதலில், உங்களிடம் வந்து பேசியவர் யார், ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இடம் பார்க்க வருபவர் பெரும்பாலும் படப்பிடிப்புக்கான இடங்களை ஏற்பாடு செய்யும் லொக்கேஷன் மேனேஜராகவோ அவருக்காக இடம் தேடித் தருபவராகவோ இருப்பார். அவருடைய வாக்குறுதி தயாரிப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். ஒப்பந்தம் பதிவுபெற்ற நிறுவனத்தின் பெயரில், அதன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவருடன் போடப்பட வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த உறுதி எதுவும் கடைசி நாள் இரவில் துணைக்கு வராது. ஏனெனில் பேசியவர் ஒருவராகவும், விளக்குகளைக் கழற்றிச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் வேறு பலராகவும் இருப்பார்கள்.

அடுத்தது நாள் கணக்கு. ஆறு நாள் படப்பிடிப்பு என்றால் வீடு ஆறு நாள் மட்டும் உங்கள் கையை விட்டுப் போகாது. அதற்கு முன்னால் கலை இயக்குநரின் ஆட்கள் வந்து சுவருக்கு வர்ணம் அடிக்கவும், உங்கள் மேசை நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுக் கதைக்கேற்ற பொருள்களை நிரப்பவும் சில நாள்கள் வேண்டும். படப்பிடிப்பு முடிந்தபின் அவற்றையெல்லாம் அகற்றி வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மேலும் சில நாள்கள் வேண்டும். ஆயத்த நாள், படப்பிடிப்பு நாள், அகற்றும் நாள் என்று இந்த மூன்றையும் ஒப்பந்தத்தில் தனித்தனியாகத் தேதியிட்டு எழுத வேண்டும். முன்னும் பின்னும் வரும் நாள்களுக்குப் படப்பிடிப்பு நாளைவிடக் குறைந்த வாடகை பேசிக்கொள்வது இத்துறையில் வழக்கம்தான். ஆனால் அந்நாள்களுக்கு வாடகையே இல்லை என்று விட்டுவிடுவது தவறு. ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடியும், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலை நாள் இத்துறையில் சாதாரணம். இரவுக் காட்சி இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். வயதான தாயாரை வைத்துக்கொண்டு இரவு முழுவதும் ஜெனரேட்டர் ஓசையோடு இருக்க முடியுமா என்பதை முன்கூட்டியே நீங்கள் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது தெரிந்தால்தான் எதை எழுதி வாங்க வேண்டும் என்பது புரியும். பகலில் எடுக்கும் காட்சியை இரவாகக் காட்ட வேண்டுமென்றால் சன்னல்களை வெளியிலிருந்து கறுப்புத் துணியால் மூடுவார்கள்; அறைக்குள் வரும் பகல் வெளிச்சத்தின் நிறத்தை மாற்றக் கண்ணாடிகளில் வண்ணத் தாள் ஒட்டுவார்கள். எதையும் ஒட்டுவதற்கு வலுவான துணி டேப்பைத்தான் கை முதலில் தேடும். பழைய சுவரில் அதைப் பிய்த்தெடுத்தால் சுண்ணாம்போடு சேர்ந்து வரும். ஆகவே சுவரிலும் மரவேலையிலும் எளிதில் உரியும் காகித டேப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், ஆணி அடிப்பதற்கும் துளையிடுவதற்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றும் எழுதுங்கள். தரைக்குக் கனமான அட்டை விரிக்கச் சொல்லுங்கள். அக்கறையுள்ள குழு, விளக்குத் தாங்கிகளின் கால்களில் டென்னிஸ் பந்தை அறுத்துச் செருகித் தரையில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் அவர்களிடம் இருக்கிறதா என்று விசாரித்தாலே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும். காட்சியில் புகை போடுவார்களா, மழை பெய்விப்பார்களா, தீ கொளுத்துவார்களா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். புகை இயந்திரத்திலிருந்து வரும் மெல்லிய பனிப்புகைகூடப் பல மணி நேரம் தொடர்ந்து போட்டால் திரைச்சீலையிலும் கண்ணாடியிலும் மெல்லிய பிசுக்காகப் படியும். அதைத் துடைக்கும் செலவு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் சமரசமே கூடாது. பெரிய படப்பிடிப்பு விளக்கு ஒன்றே 18 கிலோவாட் இழுக்கக்கூடும்; வீட்டுக்கென்று போடப்பட்ட கம்பிகள், அதிலும் பழைய வீட்டுக் கம்பிகள், அதைத் தாங்காது. படப்பிடிப்பு விளக்குகள் அனைத்துக்கும் அவர்களுடைய ஜெனரேட்டரிலிருந்தே மின்சாரம் வர வேண்டும், வீட்டு பிளக்குகளில் அலைபேசி சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகக் கூடாது என்று எழுதுவது மிகையல்ல. இன்னொன்று: ஒலிப்பதிவின்போது இரைச்சல் கேட்கக்கூடாது என்பதற்காகக் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிடுவார்கள். திரும்பப் போட மறக்காமலிருக்க, ஒலிப்பதிவாளர் தன் வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடும் வழக்கம் இத்துறையில் உண்டு. சாவியை எடுக்காமல் அவர் வீடு போக முடியாதல்லவா. உங்கள் தாயாரின் மருந்து ஏதாவது குளிரிலேயே இருக்க வேண்டியதென்றால் அதை அந்த வழக்கத்தை நம்பி விட்டுவிடாமல் முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டில் இருந்துகொண்டே படப்பிடிப்பைச் சமாளித்துவிடலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். ஒரு காட்சி பாதியில் நின்று மறுநாள் தொடர்வதாக இருந்தால், அந்த அறையில் எதையும் யாரும் தொடக்கூடாது. மேசைமேல் பாதி குடித்த கோப்பை இருந்தால் அது அதே இடத்தில், அதே அளவு பானத்தோடு, கைப்பிடி அதே பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். கன்டினியூட்டி என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அது உங்கள் சமையலறையாக இருந்தால், நீங்களே உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க முடியாது. அறைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, இவை அவர்களுக்கு, இவை பூட்டப்பட்டவை என்று பிரித்துவிடுங்கள். தாயாரை அந்நாள்களில் வேறிடத்தில் தங்கவைக்கும் செலவையும் வாடகைப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். ஆனால் வீட்டைச் சார்ந்தவர் ஒருவர் எப்போதும் அங்கே இருந்தாக வேண்டும். யாருக்கும் இடையூறில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரால் தடுக்கப்படும் சேதத்துக்கு அளவே இல்லை.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பு நிறுவனத்திடம் பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது படப்பிடிப்பால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான காப்பீடு, இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயரும் கூடுதலாகக் காப்பீடு பெற்றவராகச் சேர்க்கப்பட்டு, அதற்கான சான்றிதழ் படப்பிடிப்புக்கு முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். லைட்மேன் ஒருவர் உங்கள் மாடிப்படியில் தவறி விழுந்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பாமலிருக்க இதுதான் வழி. உங்கள் சொந்த வீட்டுக் காப்பீடு வணிகப் பயன்பாட்டின்போது செல்லாமல் போகக்கூடும் என்பதால், அந்த நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, சேதம் நேர்ந்தால் ஈடுகட்ட, வாடகையோடு சேராத தனி வைப்புத்தொகை ஒன்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்று நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் தயங்கும் இடம் என்பதால் நானே சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் வீட்டு வாடகை என்ன என்பதை இதற்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்பம் வெளியே தங்கும் செலவு, அந்நாள்களில் நீங்கள் இழக்கும் வருமானம், படப்பிடிப்புக்குப் பின் வீட்டை ஒருமுறை முழுவதும் சுத்தம் செய்யும் செலவு ஆகிய மூன்றையும் கூட்டி, அதற்குமேல் எவ்வளவு இருந்தால் இந்தத் தொல்லையை மனநிறைவோடு ஏற்பீர்கள் என்று பாருங்கள். அந்தத் தொகைக்குக் கீழே வந்தால் வேண்டாம் என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. இந்த வருமானத்துக்கும் வரி உண்டு என்பதால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் தாத்தாவின் பழைய காரைப் புதுப்பித்து நல்ல ஓட்டத்தில் வைத்திருக்கிறேன். ஒரு படத்துக்கு மூன்று நாள் கேட்கிறார்கள். 'வண்டியை மட்டும் அனுப்புங்கள், டிரைவர் எங்களிடம் இருக்கிறார்' என்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: வண்டியை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களோ, அந்த வண்டியின் குணம் அறிந்த உங்கள் ஆளோ கூடவே போக வேண்டும். பழைய வண்டிக்குப் படப்பிடிப்பில் நேரும் கெடுதல் மோதலால் வருவதைவிட நிற்பதாலும் நகர்வதாலும் வருவதுதான் அதிகம். ஒரே திருப்பத்தில் வண்டி வந்து நிற்கும் காட்சியைப் பல டேக் எடுப்பார்கள்; ஒவ்வொரு முறையும் பின்னால் போய், முன்னால் வந்து, அதே இடத்தில் நிறுத்த வேண்டும். இடையில் விளக்கைச் சரிசெய்யும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கிளட்ச் தேயும், ரேடியேட்டர் சூடேறும், முகப்பு விளக்கை எரியவிட்டே வைத்திருப்பதால் பேட்டரி இறங்கும். எப்போது அணைத்து ஆற விட வேண்டும் என்பது வண்டியோடு பழகியவருக்குத்தான் தெரியும். நடிகரே ஓட்டுவதாக இருந்தால், அவருக்கு உரிமம் இருக்கிறதா, பழைய கியர் முறையில் பழக்கம் உண்டா என்பதை முன்பே கேட்டு, படப்பிடிப்புக்கு முன் சற்று நேரம் ஓட்டிப் பழக அனுமதிக்கும்படி சொல்லுங்கள். ஓடும் வண்டிக்குள் பேசும் காட்சிகளுக்கு வண்டியைத் தாழ்வான இழுவை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு போய் எடுப்பதும் உண்டு. அது உங்கள் எஞ்சினுக்கு நல்லது, ஆனால் ஏற்றி இறக்கும்போது அடிப்பாகம் உரசுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

கேமராவை வண்டியில் எப்படிப் பொருத்தப்போகிறார்கள் என்று கேளுங்கள். காற்றை வெளியேற்றி ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சு கிண்ணங்களால் பொருத்துவது பெரும்பாலும் தடம் விடாது. ஆனால் பழைய வர்ணமோ மறுபடி அடித்த வர்ணமோ வலுவற்றிருந்தால் கிண்ணத்தோடு பெயர்ந்து வரக்கூடும். துளையிடுவதையும், இருக்கையைக் கழற்றுவதையும், கண்ணாடியை எடுப்பதையும் உங்கள் எழுத்துச் சம்மதமின்றிச் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பளபளப்பில் கேமராவும் ஆட்களும் பிரதிபலிப்பதைத் தடுக்க மினுக்கத்தை மங்கவைக்கும் ஸ்பிரேயை அடிப்பார்கள். கதைக்குத் தேவையென்றால் சேறும் தூசும் பூசுவார்கள். இரண்டும் கழுவினால் போகுமா என்பதைக் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்பீடு, வாடகைக்கு விட்ட நேரத்தில் நேரும் இழப்பை ஏற்காமலிருப்பதே பெரும்பாலும் நடைமுறை. அதனால் தயாரிப்பு நிறுவனத்தின் காப்பீட்டில் உங்கள் வண்டி அதன் எண்ணோடும், இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட மதிப்போடும் குறிப்பிடப்பட வேண்டும். பழைய கார்களுக்கு இந்த ஒப்புக்கொண்ட மதிப்பு மிக முக்கியம். அது இல்லாவிட்டால் தேய்மானம் கழித்து ஏதோ ஒரு தொகையை நீட்டுவார்கள். தனிப்பட்ட வண்டியை வாடகைக்கு விடுவதற்கே உங்கள் பகுதியில் அனுமதி தேவைப்படலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று நாள் முடிந்து கார் வீட்டுக்கு வந்த பின்பும், பேட்ச் ஒர்க் என்று, அதாவது விட்டுப்போன சிறு காட்சிகளை எடுக்க, சில மாதங்கள் கழித்து மறுபடி கூப்பிடக்கூடும். அதற்குள் நீங்கள் காரை வேறு நிறத்துக்கு மாற்றியிருந்தாலோ விற்றிருந்தாலோ அவர்களுக்குப் பெரிய சிக்கல். எந்தத் தேதிவரை காரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், அப்படி வைத்திருப்பதற்கும் மறுபடி வருவதற்கும் என்ன தொகை என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த தையல் இயந்திரம், மரப்பெட்டி வானொலி, பழைய குடும்பப் புகைப்படங்கள், சுவரில் ஓர் ஓவியம் ஆகியவற்றைப் படத்துக்குக் கேட்கிறார்கள். இவை பெரிய விலை போகிற பொருள்கள் அல்ல. இதற்கும் ஒப்பந்தமெல்லாம் தேவையா?

பதில்: விலை போகாத பொருளுக்குத்தான் ஒப்பந்தம் இன்னும் கவனமாக வேண்டும், தொலைந்தால் அதன் விலையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள், அந்த விலையோ உங்கள் இழப்புக்கு எந்த வகையிலும் ஈடாகாது.

இதை விளக்க உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியே இருக்கிறது. 2015இல் வெளிவந்த 'தி ஹேட்ஃபுல் எயிட்' என்ற அமெரிக்கப் படத்துக்காக, கித்தார் செய்யும் மார்ட்டின் நிறுவனத்தின் அருங்காட்சியகம் 1870களில் செய்யப்பட்ட ஒரு கித்தாரைக் கடனாகக் கொடுத்தது. காட்சியில் ஒரு கதாபாத்திரம் அந்தக் கித்தாரைப் பிடுங்கி உடைக்க வேண்டும். உடைப்பதற்கென்று பிரதிகளும் செய்து வைக்கப்பட்டிருந்தன. வாசிக்கும் பகுதியை உண்மையான கித்தாரில் எடுத்துவிட்டு, ஷாட்டை நிறுத்தி, பிரதியை மாற்றிக்கொண்டு தொடர வேண்டும் என்பது ஏற்பாடு. ஷாட் நிறுத்தப்படவில்லை. மாற்றப்படவில்லை என்பது நடிகருக்குத் தெரியவில்லை. உண்மையான கித்தாரே உடைந்தது. உடன் நடித்தவர் அதிர்ந்து கத்தியது படத்திலேயே இருக்கிறது. காப்பீட்டுத் தொகை கிடைத்தது. ஆனாலும் இனிமேல் படங்களுக்குக் கித்தார் கொடுப்பதே இல்லை என்று அந்த அருங்காட்சியகம் முடிவெடுத்துவிட்டது. அங்கே தீய எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காப்பீடும் மாற்றுப் பிரதிகளும் இருந்தும், பத்துப் பேருக்குத் தெரிந்த செய்தி பதினோராவது ஆளுக்குப் போய்ச் சேராததால் நடந்தது அது.

ஆகவே என் கருத்து இது: வேறு எங்கும் கிடைக்காத பொருளைக் கொடுக்க வேண்டாம். குடும்பப் புகைப்படத்தின் மூலத்தை ஒருபோதும் கையை விட்டு அனுப்பாதீர்கள். நல்ல பிரதி எடுத்து அதைக் கொடுங்கள், திரையில் வேறுபாடு தெரியாது. அந்தப் படத்தில் இருப்பவர்களில் உயிரோடிருப்பவர்களுடைய சம்மதமும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் அத்தை கதையில் யாரோ ஒரு கொலைகாரனின் தாயாகச் சுவரில் தொங்கினால் அவர் வருந்துவது நியாயம்தானே. தையல் இயந்திரத்தையும் வானொலியையும் கொடுக்கலாம் என்று மனம் சொன்னால் கொடுங்கள். கொடுக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்து, முன்பே இருக்கும் கீறலையும் விரிசலையும் குறித்து, வரிசை எண் இருந்தால் அதையும் எழுதி, வாங்கிக்கொள்பவரின் கையெழுத்தைப் பெற்றுவிடுங்கள். கதையில் அந்தப் பொருள் வெறுமனே மேசைமேல் இருக்குமா, யாராவது இயக்குவார்களா, எறிவார்களா, நனைப்பார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. வெறுமனே இருக்கும் என்று சொல்லி வாங்கிப்போய்ப் பின்னர் எறிந்தால் அது ஒப்பந்தமீறல் என்று எழுதி வைத்திருந்தால், கலைப்பிரிவின் கடைசி உதவியாளர்வரை அந்தச் செய்தி போகும். வாடகையை நாள் கணக்கில் பேசாமல் வாரக் கணக்கில் பேசுங்கள். ப்ராப்பர்ட்டி, அதாவது காட்சியில் வைக்கும் பொருள், என்று ஒருமுறை வண்டியில் ஏறிய பொருள் அதற்கான காட்சி எடுத்து முடிக்கும்வரை கிடங்கிலேயே கிடக்கும்.

ஓவியத்தின் விஷயம் வேறு. அதை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அந்தச் சட்டகமும் துணியும் வர்ணமும் மட்டுமே உங்கள் சொத்து. அதைப் படம் பிடித்துப் பலருக்குக் காட்டும் உரிமை பொதுவாக வரைந்தவரிடமோ அவருடைய வாரிசிடமோதான் இருக்கும். சுவரொட்டி, புத்தக அட்டை, வேறொருவர் எடுத்த கலைப் புகைப்படம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சுவரில் இருக்கும் அனைத்துக்கும் நான் அனுமதி தருகிறேன் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் கொடுக்க முடியாது. கையெழுத்திட்டுவிட்டால் நாளை ஓவியர் கேட்கும் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி: நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். என் வீட்டின் பால்கனியை ஒரு நாள் படப்பிடிப்புக்குக் கேட்கிறார்கள். வீட்டு உரிமையாளரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், சொன்னால் மட்டும் போதாது, அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். குடியிருப்பதற்காக வாடகைக்கு எடுத்த இடத்தை வணிகத்துக்குக் கொடுப்பது உங்கள் வாடகை ஒப்பந்தத்தையே முறித்துவிடக்கூடும். அடுக்குமாடியென்றால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். பால்கனி உங்கள் வீட்டுக்குள் இருந்தாலும் அதற்குப் போகும் மின்தூக்கியும் படிக்கட்டும் வண்டி நிறுத்தும் இடமும் எல்லோருக்கும் பொது. வாடகைத் தொகையில் உரிமையாளருக்கு ஒரு பங்கு கொடுப்பதாக முன்வந்தால் சம்மதம் எளிதாகக் கிடைக்கும், அது நியாயமும்கூட.

கேள்வி: நண்பரின் மகன் குறும்படம் எடுக்கிறான். எங்கள் கடையை இரண்டு இரவுகள் இலவசமாகக் கேட்கிறான். அவனிடம் போய் ஒப்பந்தம், காப்பீடு என்று பேசுவது நன்றாக இருக்குமா?

பதில்: நன்றாகத்தான் இருக்கும், அந்தப் பையனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியும் அதுதான். இலவசமாகக் கொடுப்பது வாடகையை மட்டும்தான் விட்டுக்கொடுக்கிறது, பொறுப்பை அல்ல. கடைக்குள் ஒருவருக்கு அடிபட்டால் அவன் வாடகை கொடுத்தானா இல்லையா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. அவன் திரைப்படக் கல்லூரி மாணவனாக இருந்தால் கல்லூரியே காப்பீடு செய்திருக்கக்கூடும். கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு அவனுக்கும் இந்தக் காகிதம் வேண்டும்: படம் விழாவுக்கோ விற்பனைக்கோ போகும்போது, படம் எடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்து அனுமதி இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு பக்கத்தில் தேதி, நேரம், கடையின் எந்தப் பகுதி, சேதமானால் சரிசெய்து தரும் பொறுப்பு, எடுத்த காட்சிகளைப் பயன்படுத்த உங்கள் அனுமதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். கல்லாப்பெட்டியைக் காலி செய்து, கணக்குப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். நட்பு கெடாமலிருக்கவே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் ஒரு தொடருக்குக் கேட்கிறார்கள். உள்ளே வரமாட்டார்களாம், ஒரு நாள் வேலைதானாம். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சொல்லப்போனால் உள்ளே எடுப்பதைவிட இதில்தான் நெடுங்கால விளைவு அதிகம். வீட்டின் உட்புறத்தை யாரும் அடையாளம் காண முடியாது, முகப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரில் கதாநாயகனின் வீடாகக் காட்டப்பட்டது நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்கி நகரில் ஒரு குடும்பம் உண்மையாகவே வசித்துவந்த வீடு. தொடரில் கதாநாயகன் கோபத்தில் ஒரு பீட்சாவை வீட்டுக் கூரைமேல் எறிவதாக ஒரு காட்சி வரும். தொடரின் ரசிகர்கள் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்து தாங்களும் பீட்சா எறியத் தொடங்கினார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2015இல் அப்படிச் செய்யாதீர்கள் என்று பொதுவில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தொடர் 2013இல் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர்கள் வேலி எழுப்பியது 2017இல்.

எல்லா வீட்டுக்கும் இப்படி நேரும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான வீடுகளை எவரும் தேடி வருவதில்லை. ஆனால் தொடர் என்பதால் அவர்கள் மறுபடி மறுபடி வருவார்கள் என்பதையும், புகழ் வந்தால் அதை நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில் இருக்காது என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். ஒருமுறை எடுத்த காட்சியைத் திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம், விளம்பரம் என எங்கும் எக்காலமும் பயன்படுத்தும் உரிமையை அவர்கள் கேட்பார்கள். அதை நீங்கள் கொடுக்காவிட்டால் பொதுவாக எந்த நிறுவனமும் படம் எடுக்காது. நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு: கதவு எண்ணும் தெருப்பெயரும் மறைக்கப்பட வேண்டும், குழுவினர் எவரும் முகவரியை வெளியிடக்கூடாது, தொடரின் அடுத்தடுத்த பருவங்களுக்கு (சீசன்களுக்கு) ஒவ்வொரு முறையும் புது ஒப்பந்தமும் புது வாடகையும் வேண்டும், எதிர்வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது. வீட்டில் நடப்பதாகக் காட்டப்போகும் கதை என்ன என்பதையும் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். வெளியான பிறகு மனம் வருந்தி எதையும் திருத்த முடியாது.

கேள்வி: படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, பின்சுவரில் விரிசலும் குளியலறையில் அடைப்பும் இருப்பதைப் பார்த்தோம். போன் செய்தால் 'நாங்கள் கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்ததாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் போட்ட கையெழுத்து எந்தக் காகிதத்தில் என்பதை முதலில் பாருங்கள். இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்பதும், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதும் வேறு வேறு. முதல் வகையென்றால் உங்களுக்கு வழியிருக்கிறது: இன்றே தேதி தெரியும்படி படங்கள் எடுத்து, படப்பிடிப்புக்கு முன் எடுத்த படங்களோடு சேர்த்து, பழுது பார்க்க ஆகும் செலவுக்குத் தொழிலாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அவர்களுடைய காப்பீட்டு விவரத்தையும் கேளுங்கள். காப்பீட்டுக் கோரிக்கையாகப் போனால் தயாரிப்பு நிர்வாகிக்கும் அது எளிது. வைப்புத்தொகை இன்னும் உங்களிடம் இருந்தால் கணக்குத் தீரும்வரை திருப்பித் தராதீர்கள். இரண்டாவது வகையென்றால் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி சொல்ல எனக்கு மனமில்லை.

இனி கொடுக்கப்போகும் மற்றவர்களுக்காக, கடைசி நாளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிறேன். முழு வாடகையும் படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே உங்கள் கணக்கில் வந்திருக்க வேண்டும். முடிந்தபின் தருகிறோம் என்பதை ஏற்காதீர்கள். வீட்டைத் திரும்பப் பெறுவதை நள்ளிரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டிகள் வெளியே உறுமிக்கொண்டிருக்கும்போது யாராலும் சுவரைப் பார்க்க முடியாது. மறுநாள் காலை வெளிச்சத்தில், அவர்கள் தரப்பில் ஒருவரும் நீங்களுமாகப் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பார்க்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு, எல்லாக் கழிவறையிலும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பெரிய படப்பிடிப்புக் குழு ஒன்று பயன்படுத்திய வடிகால் ஓரிரு நாள் கழித்துத்தான் தன் கோளாறைக் காட்டும் என்பதால், மறைந்திருக்கும் சேதங்களைத் தெரிவிக்க உங்களுக்கு இரண்டு வார அவகாசம் வேண்டும் என்று எழுதுங்கள். சாவிகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள். எத்தனை பேர் கையில் அவை மாறின என்பது யாருக்கும் தெரியாது என்பதால் வெளிக்கதவின் பூட்டை மாற்றிவிடுங்கள், அதற்கான செலவையும் அவர்கள் கணக்கிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடலாம்.